கப்பலை விட்டு இறங்க முடியாத ஆட்டக்காரர்

முதல் உலகப்போர் முடிந்த மறு ஆண்டு, 1919. இங்கிலாந்தில் படை அணிகளுக்கிடையே நடந்த ரக்பி போட்டியில் மன்னர் கோப்பையை வென்ற நியூசிலாந்து ராணுவ அணி கப்பலில் ஊர் திரும்புகிறது. போகிற வழியில் தென்னாப்பிரிக்காவில் இறங்கிச் சில ஆட்டங்கள் ஆடிவிட்டுப் போவதாக ஏற்பாடு. அணியில் நதானியேல் வில்சன் என்று ஒரு ஃபார்வர்டு, அதாவது முன்வரிசை ஆட்டக்காரர். போருக்கு முன்பே நியூசிலாந்துக்காக 10 டெஸ்ட் ஆடியவர். பெற்றோரில் ஒருவர் ஆங்கிலேயர், இன்னொருவர் மேற்கிந்தியத் தீவுக்காரர். ஆள் நிறம் கொஞ்சம் மட்டு. அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்காகக் கிரிக்கெட் ஆடிப் பேர் வாங்கியிருந்தவர் ரஞ்சித்சிங்ஜி. அவர் பெயரைச் சுருக்கி வில்சனுக்கு ‘ரஞ்சி’ என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். நம் ரஞ்சி கோப்பையில் இருக்கிறதே, அதே ரஞ்சிதான்.

தென்னாப்பிரிக்க ரக்பி வாரியத்துக்கு இந்த ரஞ்சி ஆகவில்லை. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி ஆட்டக்காரர்களும் ஆகவில்லை. அவர்களைக் கூட்டி வந்தால் டூரே கெட்டுவிடும், அரசியலிலும் பெரிய சேதம் வரும் என்று முன்கூட்டியே தகவல் போயிருந்தது. கப்பல் துறைமுகத்துக்கு வந்தது. மற்றவர்கள் இறங்கிப் போனார்கள். ரஞ்சி வில்சனுக்கு இறங்க அனுமதி இல்லை. நாட்டுக்காகப் போருக்குப் போய்விட்டு வந்த மனிதர் அவர்.

ரக்பி டெஸ்ட் ஆட்டங்களின் கதையை 1871-ல் தொடங்குவதுதான் முறை. எனக்கு மட்டும் இந்தக் கப்பல்தான் முதலில் ஞாபகம் வரும். ரக்பி டூர் என்பது அடிப்படையில் ஒரு விருந்தழைப்பு. அதற்குப் புள்ளிப் பட்டியல் கிடையாது, தகுதிச் சுற்று கிடையாது. 1987 வரை உலகக் கோப்பையும் கிடையாது. ஒரு நாட்டு யூனியன், அதாவது அங்கே ரக்பியை நடத்தும் சங்கம், இன்னொரு நாட்டு யூனியனுக்கு ‘வாங்களேன்’ என்று எழுதும். அவர்கள் கிளம்பி வருவார்கள். சரி, கூப்பிடுகிறவர் யாரைக் கூட்டிக்கொண்டு வரலாம், யாரைக் கூட்டி வரக் கூடாது என்றும் சொல்லலாமா? இந்த ஒரு கேள்வி நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற இரண்டு பெரிய ரக்பி நாடுகளை அரை நூற்றாண்டுக்கு மேல் ஆட்டிவைத்தது.

அதற்குள் போகுமுன் ‘டெஸ்ட்’ என்ற சொல்லை ஒரு முறை பார்த்துவிடுவோம். நமக்கு டெஸ்ட் என்றால் வெள்ளை உடை, ஐந்து நாள், மதிய சாப்பாட்டு இடைவேளை. ரக்பியில் டெஸ்ட் 80 நிமிடத்தில் முடிந்துவிடும். கிரிக்கெட்டிலிருந்து வந்த சொல்தான், ஆனால் இங்கே அதன் பொருள் வேறு: இரண்டு நாடுகளின் முழு அணிகள் மோதும் ஆட்டம். அதில் ஆடியவருக்கு அவர் நாட்டு யூனியன் ‘கேப்’, அதாவது அடையாளத் தொப்பி, கொடுக்கும். எந்த ஆட்டத்துக்குக் கேப் கொடுப்பது என்பதை அந்தந்த யூனியனே முடிவு செய்துகொள்ளும். இதனால் வேடிக்கைகளும் உண்டு. 1889-ல் நியூசிலாந்திலிருந்து வந்த ஓர் அணியுடன் ஆடியதை இங்கிலாந்து தன் சர்வதேச ஆட்டமாகக் கணக்கில் வைத்திருக்கிறது. நியூசிலாந்துக்கு அது டெஸ்டே இல்லை, ஏனென்றால் அதன் யூனியன் பிறந்ததே 1892-ல். 1986-ல் இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று நடந்தது. அது பின்னால்.

முதல் சர்வதேச ஆட்டம் 1871 மார்ச் 27, எடின்பரோவில் ரேபர்ன் பிளேஸ் மைதானத்தில் நடந்தது. ஸ்காட்லாந்து கிளப் கேப்டன்கள் ஐந்து பேர் பத்திரிகையில் கடிதம் எழுதி இங்கிலாந்தைச் சவாலுக்கு அழைத்ததன் விளைவு. பக்கத்துக்கு 20 பேர். பந்தோடு கோட்டைத் தாண்டி ‘ட்ரை’ போட்டால் அன்று ஒரு புள்ளியும் வராது. கோல் உதைத்துப் பார்க்க ஒரு வாய்ப்புத்தான் வரும். முயன்று பார் என்பதுதான் அந்தச் சொல்லே. இன்று அதே ட்ரைக்கு 5 புள்ளி. ஸ்காட்லாந்து ஜெயித்தது. அவர்கள் போட்ட ஒரு ட்ரையைப் பற்றி இங்கிலாந்துக்காரர்கள் சண்டை பிடித்தார்கள். நடுவராக இருந்த பள்ளித் தலைமையாசிரியர் ஆல்மண்ட், சந்தேகம் வந்தால் அதிகமாகச் சத்தம் போடுகிற பக்கத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்வது நியாயம், அநேகமாகத் தப்பு அவர்கள் மேல்தான் இருக்கும் என்று பின்னாளில் எழுதினார். வகுப்பறையில் கற்ற பாடமாக இருக்கும்.

இந்த இரண்டு நாடுகளும் வருடாவருடம் மோதிக்கொள்ளும் கோப்பையின் பெயர் கல்கத்தா கோப்பை. 1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் ஆங்கிலேயர் ஒரு பக்கம், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர்கள் மறுபக்கம் என்று ஆடிய ஆட்டத்திலிருந்து ஒரு கிளப் முளைத்தது. வெக்கைக்கும் ரக்பிக்கும் ஒத்துவரவில்லை. உறுப்பினர்கள் போலோவுக்கும் டென்னிஸுக்கும் போய்விட்டார்கள். கிளப்பை மூடும்போது வங்கியில் இருந்த பணத்தை வெள்ளி ரூபாயாக எடுத்து, உருக்கி, கோப்பை செய்து இங்கிலாந்துக்குக் கொடுத்துவிட்டார்கள். கைப்பிடி மூன்றும் நாகப்பாம்பு, மூடி மேல் யானை. 1879 முதல் அதற்காக ஆடுகிறார்கள். கிளப் போன பிறகும் அதன் ரூபாய் அங்கே சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஆனால் இதெல்லாம் ரயிலில் போய் ஆடிவிட்டு வருகிற ஆட்டங்கள். கடல் தாண்டிய டூர் வேறு ஜாதி.

1888-ல் இங்கிலாந்திலிருந்து ஓர் அணி ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போனது. பிற்காலத்தில் ‘லயன்ஸ்’ என்று பெயர் பெற்ற பிரிட்டன், அயர்லாந்து கூட்டு அணியின் பரம்பரைக்கு இதுதான் முதல் அணி. இதை நடத்தியது ரக்பி யூனியன் அல்ல. ஆர்தர் ஷ்ரூஸ்பரி, ஆல்ஃபிரட் ஷா என்ற தொழில்முறைக் கிரிக்கெட்காரர்கள் டிக்கெட் வசூலை நம்பி நடத்திய வியாபாரம். 35 ரக்பி ஆட்டங்கள். போதாதென்று, யாருக்கும் விதி சரியாகத் தெரியாத விக்டோரியா கால்பந்திலும் 19 ஆட்டங்கள், அங்கே கூட்டம் அதிகம் வருமே என்று. புறப்படுமுன் ஹாலிஃபாக்ஸைச் சேர்ந்த கிளவ்ஸ் என்ற ஆட்டக்காரர் உடை வாங்கிக்கொள்ள 15 பவுண்டு பெற்றது வெளியே தெரிந்துவிட்டது. பணம் வாங்கியவர் அமெச்சூர் இல்லை என்று யூனியன் அவரைத் தள்ளிவைத்தது. மனிதர் அணியோடு கப்பலேறி உலகின் மறுகோடிவரை போய், ஒரு ரக்பி ஆட்டமும் ஆடாமல் திரும்பினார். கேப்டன் ராபர்ட் செடனின் கதை இன்னும் சோகம். ஆகஸ்ட் மாதம் மெய்ட்லாண்டில் ஹன்டர் ஆற்றில் தனியாகப் படகு விடப் போனவர் மூழ்கி இறந்தார். அவர் இடத்துக்கு வந்தவர் ஆண்ட்ரூ ஸ்டாடர்ட்.

இந்த ஸ்டாடர்ட் அடுத்த ஆண்டு இன்னொரு கதையில் வருகிறார். நியூசிலாந்தில் ஜோசப் வார்பிரிக் என்ற மாவோரி ஆட்டக்காரர் 26 பேரைச் சேர்த்து ‘நேட்டிவ்ஸ்’ என்ற அணியைக் கிளப்பினார். பெரும்பாலோர் மாவோரிகள். ஒரு வருடத்துக்கும் மேலாக நீண்ட அந்தப் பயணத்தில் 107 ரக்பி ஆட்டங்கள். தட்டச்சுப் பிழை இல்லை, நூற்றேழுதான். கறுப்புச் சட்டை, நெஞ்சில் வெள்ளிப் பெரணி இலை, ஆட்டத்துக்கு முன் ஹக்கா என்ற மாவோரி ஆட்டம்பாட்டம் என்று இன்று உலகத்துக்கே தெரிந்த அடையாளங்களை பிரிட்டனுக்கு முதலில் கொண்டுபோனவர்கள் இவர்கள்தான். 1889 பிப்ரவரியில் லண்டன் பிளாக்ஹீத்தில் இங்கிலாந்துடன் ஆட்டம். ஓடிக்கொண்டிருந்த ஸ்டாடர்டின் கால்சட்டை கிழிந்துவிட்டது. மானத்தைக் காப்பாற்ற நேட்டிவ்ஸ் ஆட்டக்காரர்கள் பெருந்தன்மையாக அவரைச் சுற்றி வட்டம் கட்டி நின்றார்கள். அந்த நேரம் பார்த்து இன்னொரு ஆங்கிலேயர் பந்தை எடுத்துக்கொண்டு போய் ட்ரை போட்டார். நடுவர் அதைச் செல்லும் என்றார். நடுவர் வேறு யாருமில்லை, இங்கிலாந்து ரக்பி யூனியனின் செயலாளர். கோபத்தில் சிலர் மைதானத்தை விட்டே வெளியேறினார்கள்.

விருந்தாளிக்கு நடந்த மரியாதை இது. அதுமட்டுமல்ல, நடுவர் உள்ளூர்க்காரராக இருக்கும் வழக்கம் 1970-கள் வரை பல நாடுகளில் நீடித்தது. டூர் போகிற அணி பதினைந்து பேரோடு மட்டும் மோதவில்லை என்று நியூசிலாந்தில் பழைய ஆட்கள் முணுமுணுப்பது வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது.

1905-ல் டேவ் கேலஹர் தலைமையில் வந்த நியூசிலாந்து அணிதான் ‘ஆல் பிளாக்ஸ்’ என்ற பெயரை நிலைநாட்டியது. 35 ஆட்டத்தில் 34 வெற்றி. தோற்ற ஒன்றைப் பற்றித்தான் 120 வருடமாகப் பேசுகிறார்கள். டிசம்பர் 16, கார்டிஃப். ஹக்கா முடிந்ததும் வேல்ஸ் ஆட்டக்காரர் டெடி மார்கன் பாட்டைத் தொடங்க, மைதானம் முழுவதும் வேல்ஸ் நாட்டுப் பண்ணைப் பாடியது. ஆட்டத்துக்கு முன் நாட்டுப்பண் பாடும் வழக்கம் அங்கேதான் தொடங்கியது என்பார்கள். மார்கனின் ஒரே ட்ரையில் வேல்ஸ் 3-0 என்று வென்றது. கடைசிக் கட்டத்தில் நியூசிலாந்தின் பாப் டீன்ஸ் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தாரா, தாண்டுமுன் வைத்தாரா? சாதாரண உடையில் இருந்த ஸ்காட்லாந்து நடுவர் பின்தங்கிவிட்டார். அவர் வந்து பார்க்கும்போது பந்து கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தது. வேல்ஸ்காரர்கள் இழுத்துவிட்டார்கள் என்பது நியூசிலாந்தின் வாதம். டீன்ஸ் 24 வயதில் இறந்துபோனார், கேலஹர் 1917-ல் பாஸ்சென்டேல் போர்க்களத்தில் இறந்தார். வாதம் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அந்த டூரில் ஆட்டக்காரர்களுக்கு நாளொன்றுக்கு 3 ஷில்லிங் கைச்செலவுக்குக் கொடுத்தார்கள். அதுவே சம்பளம் என்று ஸ்காட்லாந்து யூனியன் முகம் சுளித்தது. கூட்டம் ஆயிரமாயிரமாகத் திரண்டு வாயிலில் பணம் குவியும்போது, ஆடுகிறவன் மட்டும் வேலையை விட்டுவிட்டு, குடும்பத்தை விட்டுவிட்டு, தேநீர்க் காசுக்கு மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போக வேண்டும். இந்த அமெச்சூர் விதியை நான் ஒருபோதும் தூய்மையாகப் பார்த்ததில்லை. ஏற்கெனவே 1895-ல் வட இங்கிலாந்துத் தொழிலாளர் ஊர்களின் கிளப்புகள், வேலை நேரம் இழப்பதற்கு ஈடு கேட்டு, பிரிந்து போய்விட்டன. ரக்பி லீக் என்று தனி ஆட்டமே உண்டானது அப்படித்தான். மற்றவர்கள் 1995 ஆகஸ்ட் வரை ‘பணமா, சேச்சே’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பழைய டூரின் ருசி டெஸ்டில் மட்டும் இல்லை, இடைப்பட்ட ஆட்டங்களில் இருந்தது. சனிக்கிழமை பெரிய ஆட்டம். புதன்கிழமை ஏதாவது ஒரு மாவட்ட அணி, சுரங்க ஊர் அணி. அந்த ஊர்க்காரனுக்கு வாழ்நாளில் ஒரு முறை ஆல் பிளாக்ஸை எதிர்த்து நிற்கும் வாய்ப்பு. 1972 அக்டோபர் 31 அன்று வேல்ஸின் லனெத்லி என்ற தகரத் தொழில் ஊரின் கிளப் 9-3 என்று ஆல் பிளாக்ஸைத் தோற்கடித்தது. சரியாக ஆறு வருடம் கழித்து, 1978-ல் அதே அக்டோபர் 31, அயர்லாந்தின் மன்ஸ்டர் மாகாண அணி லிமரிக்கில் 12-0 என்று வென்றது. உலக அணிகளே திணறிய எதிரி. அன்று மைதானத்துக்கு உள்ளே இருந்ததாகச் சொல்பவர்களை எல்லாம் சேர்த்தால் அந்த மைதானம் பத்து மடங்கு பெரிதாக இருந்திருக்க வேண்டும். கப்பல் வழியில் ஆடுவதும் உண்டு. 1950-ல் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா டூரை முடித்துத் திரும்பிய லயன்ஸ் கொழும்பில் இறங்கி ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் போனார்கள். பள்ளி ரக்பிக்கு இன்றும் கூட்டம் கூடும் இலங்கையில் இது அங்கங்கே பேசப்படும் சேதி.

இனி, பழைய கேள்விக்கு வருவோம்.

1921-ல் தென்னாப்பிரிக்காவின் ஸ்பிரிங்பாக்ஸ் முதல் முறையாக நியூசிலாந்துக்கு வந்தார்கள். நேப்பியர் நகரில் மாவோரி அணியோடு ஓர் ஆட்டம். 9-8, ஒற்றைப் புள்ளியில் ஸ்பிரிங்பாக்ஸ் வெற்றி. அணியோடு வந்த தென்னாப்பிரிக்கப் பத்திரிகையாளர் ஒருவர் ஊருக்குத் தந்தி அடித்தார். நிறத்தவர் கூட்டம் ஒன்று சொந்த இனத்தாரைத் தோற்கடிக்க வேண்டும் என்று ஆயிரக்கணக்கான ஐரோப்பியர்கள் வெறிபிடித்தாற்போல் கூச்சலிட்ட காட்சியைக் கண்டு ஸ்பிரிங்பாக்ஸ் அருவருத்துப் போனார்கள் என்பது அதன் சாரம். தந்தி அலுவலகத்திலிருந்து அந்த வாசகம் வெளியே கசிந்து, உள்ளூர்ப் பத்திரிகையில் அச்சாகிவிட்டது. நியூசிலாந்து கொதித்தது. கொஞ்ச நாள்.

கொதிப்பு அடங்கியதும் 1928-ல் ஆல் பிளாக்ஸ் முதல் முறையாகத் தென்னாப்பிரிக்கா போனார்கள், மாவோரிகள் இல்லாமல். விட்டுவிட்டுப் போனவர்களில் ஜார்ஜ் நேப்பியாவும் ஒருவர். 1924-25 டூரில் 32 ஆட்டம் ஆடி 32-லும் வென்ற அணியின் ஃபுல்பேக், அதாவது எல்லோருக்கும் பின்னால் நிற்கும் கடைசித் தடுப்பாளர், அவர். அத்தனை ஆட்டத்திலும் ஓய்வில்லாமல் ஆடியவர், அப்போது வயது 19. அந்தத் தலைமுறையின் தலைசிறந்த ஃபுல்பேக்கை வீட்டில் விட்டுவிட்டுப் போய், தொடரை 2-2 என்று சமன் செய்துகொண்டு வந்தார்கள்.

1949 இன்னும் மோசம். இந்த முறையும் மாவோரிகள் கிடையாது. அன்றைய நல்ல ஹாஃப்பேக்கான வின்ஸ் பெவனும் மாவோரி வம்சாவளி என்பதால் விடப்பட்டார். இரு பக்க ஃபார்வர்டுகளும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரத்திலிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கும் ஹாஃப்பேக் இல்லாத ரக்பி அணி என்றால் விக்கெட் கீப்பர் இல்லாத கிரிக்கெட் அணி மாதிரி. எதிரே ஓக்கி கெஃபின். போலந்தில் போர்க்கைதி முகாமில் வெறுங்காலால் உதைத்துப் பழகியவர். முதல் டெஸ்டில் ஐந்து பெனால்டி அடித்தே ஆட்டத்தை முடித்தார். தொடர் 4-0. செப்டம்பர் 3 அன்று டர்பனில் ஒரு நியூசிலாந்து அணி தோற்றது. அதே நாள் வெலிங்டனில் ஆஸ்திரேலியாவிடம் இன்னொரு நியூசிலாந்து அணி தோற்றது. ஒரே நாளில் இரண்டு டெஸ்ட் தோல்வி. அறத்தை விடுங்கள், ஆட்டக் கணக்கிலேயே இந்த ஏற்பாடு நஷ்டம் என்று அப்போதாவது புரிந்திருக்கலாம்.

புரிந்தது, ஆனால் யூனியனுக்கு இல்லை, மக்களுக்கு. 1960 டூருக்கு முன் ‘மாவோரி இல்லையேல் டூர் இல்லை’ என்ற முழக்கத்தோடு மனு ஒன்று கிளம்பியது. சிறிய நாடு அது, ஆனாலும் 1,50,000-க்கு மேல் கையெழுத்து. யூனியன் கண்டுகொள்ளவில்லை. 1965-ல் ஸ்பிரிங்பாக்ஸ் நியூசிலாந்தில் ஆடிக்கொண்டிருக்கும்போதே, தென்னாப்பிரிக்கப் பிரதமர் வெர்வூர்ட் இனி வரும் அணிகளிலும் மாவோரி கூடாது என்கிற பொருள்படப் பேசினார். விருந்து சாப்பிட்டுக்கொண்டே வீட்டுக்காரரின் பிள்ளையை எங்கள் வீட்டுக்கு அனுப்பாதே என்று சொல்வதைப்போல. 1967-ல் நடக்கவிருந்த டூரை நியூசிலாந்து கைவிட்டது.

தென்னாப்பிரிக்கா கொஞ்சம் இறங்கி வந்தது, ஒரு வினோதமான படியில். 1970-ல் மாவோரிகளும், சமோவா வம்சத்து இளைஞர் பிரையன் வில்லியம்ஸும் அணியோடு வரலாம், அவர்கள் ‘கௌரவ வெள்ளையர்கள்’. அதாவது மனிதனை மாற்ற வேண்டாம், ஆவணத்தில் நிறத்தை மாற்றிக்கொள்ளலாம். கறுப்பின ரசிகர்கள், கம்பிக்கு அந்தப் பக்கம் ஒதுக்கப்பட்ட மூலைகளில் நின்று, வில்லியம்ஸ் பந்தைத் தொட்டபோதெல்லாம் ஆர்ப்பரித்தார்கள். சொந்த நாட்டு அணிக்கு எதிராக.

1976 ஜூன் 16 அன்று ஜொஹானஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்பான சொவேட்டோவில் மாணவர்கள் மீது துப்பாக்கிச்சூடு. அந்த மாத இறுதியிலேயே ஆல் பிளாக்ஸ் தென்னாப்பிரிக்காவில் ஆடத் தொடங்கியிருந்தார்கள். ஒலிம்பிக் கமிட்டி நியூசிலாந்தை வெளியேற்ற மறுத்ததால் இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகள் மான்ட்ரியல் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. அந்த ஒலிம்பிக்கில் ரக்பியே கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். மறு ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளெனீகிள்ஸில் காமன்வெல்த் தலைவர்கள் கூடி, தென்னாப்பிரிக்காவுடனான விளையாட்டு உறவைத் தடுக்க முயல்வதாக உடன்பாடு செய்தார்கள். நியூசிலாந்துப் பிரதமர் ராபர்ட் மல்டூனும் கையெழுத்துப் போட்டார். போட்டவர், 1981-ல் ஸ்பிரிங்பாக்ஸ் வருவதைத் தடுக்க மாட்டேன், அது ரக்பி யூனியனின் விஷயம் என்று ஒதுங்கிக்கொண்டார்.

அந்த டூர் நடந்த 56 நாட்களைப் பற்றி நியூசிலாந்தில் இன்றும் சில குடும்பங்களில் சாப்பாட்டு மேசையில் பேச மாட்டார்கள். அப்பா மைதானத்துக்குள், மகள் மைதானத்துக்கு வெளியே என்று வீடு வீடாகப் பிளந்த காலம் அது. ஜூலை 25, ஹாமில்டனில் இரண்டாவது ஆட்டம். மைதானம் நிரம்பியிருக்கிறது. வேலியைப் பிய்த்துக்கொண்டு எதிர்ப்பாளர்கள் உள்ளே வருகிறார்கள். முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் நடு மைதானத்தில் கைகோத்து நின்றுகொள்கிறார்கள். போலீஸ் ஒவ்வொருவராக இழுத்துப் போகிறது, நேரம் போய்க்கொண்டிருக்கிறது. அதற்குள் ஒருவர் சிறிய விமானத்தைத் திருடிக்கொண்டு மைதானத்தை நோக்கி வருகிறார் என்று செய்தி. ஆட்டம் ரத்து. காலையிலிருந்து காத்திருந்த கூட்டம் கையில் கிடைத்த பாட்டில்களை எதிர்ப்பாளர்கள்மேல் எறிந்தது. தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி வந்தே ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. நேரலையில் ஆட்டம் பார்க்க அதிகாலையில் எழுந்து உட்கார்ந்தவர்கள் இந்தக் காட்சியைத்தான் பார்த்தார்கள்.

நான்கு நாள் கழித்து வெலிங்டனில், தென்னாப்பிரிக்கத் தூதரக அதிகாரி வீட்டை நோக்கிப் போன ஊர்வலத்தைப் போலீஸ் மோல்ஸ்வொர்த் தெருவில் தடியால் அடித்தது. அதற்கப்புறம் ஊர்வலத்துக்கு வந்தவர்கள் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஆல் பிளாக்ஸ் கேப்டன் கிரஹாம் மோரி ஆட மறுத்து ஒதுங்கினார். ஸ்பிரிங்பாக்ஸ் அணியில் எரால் டோபயஸ் என்ற வெள்ளையரல்லாத ஆட்டக்காரர் இருந்தார். அவரைக் காட்டி ‘பாருங்கள், மாறிவிட்டோம்’ என்றார்கள் ஆதரவாளர்கள். ஒருவரை வைத்துக் கணக்கைத் தீர்க்கப் பார்த்தார்கள்.

செப்டம்பர் 12, ஆக்லாந்து ஈடன் பார்க். தொடர் 1-1. மூன்றாவது டெஸ்ட் நடந்துகொண்டிருக்கும்போதே செஸ்னா விமானம் ஒன்று கோல் கம்பத்தின் உயரத்துக்குத் தாழ்ந்து திரும்பத் திரும்ப வந்து மாவுப் பொட்டலங்களைப் போட்டது. ஒரு பொட்டலம் நியூசிலாந்தின் கேரி நைட்டைத் தாக்க, ஆறடிக்கு மேலான அந்த முன்வரிசை ஆட்டக்காரர் அப்படியே சாய்ந்தார். எழுந்து மீண்டும் ஸ்க்ரத்துக்குப் போனார். ஆட்டம் நிற்கவில்லை. வெளியே தெருவில் சண்டை, மேலே விமானம், புல்லில் வெள்ளை மாவு, நடுவே 30 பேர் பந்தைத் துரத்துகிறார்கள். ரே மோர்ட்டின் மூன்றாவது ட்ரையால் கடைசி நேரத்தில் 22-22. தென்னாப்பிரிக்கர்கள் 10 மீட்டர் பின்வாங்கவில்லை என்று வேல்ஸ் நடுவர் கிளைவ் நார்லிங் பெனால்டி கொடுக்க, ஆலன் ஹியூசன் அடித்தார். 25-22. உண்மையில் அது ஓர் அருமையான டெஸ்ட். ஆனால் அதைப் பற்றி யாரும் ஆட்டமாகப் பேசுவதில்லை.

அழைப்பை அனுப்புகிறவர்களால் நிறுத்த முடியாததை நான்கு வருடம் கழித்து நீதிமன்றம் நிறுத்தியது. 1985-ல் ஆல் பிளாக்ஸ் தென்னாப்பிரிக்கா போக இருந்தபோது, கிளப் உறுப்பினர்களான இரண்டு வழக்கறிஞர்கள் வழக்குப் போட்டார்கள். ரக்பியை வளர்ப்பது யூனியனின் சட்டவிதியில் உள்ள கடமை, இந்த டூர் ரக்பியை வளர்க்குமா கெடுக்குமா என்பதே வாதம். நிறவெறியைப் பற்றி நீட்டி முழக்காமல், யூனியனின் சொந்த விதியைக் கொண்டே யூனியனை மடக்கினார்கள். இடைக்காலத் தடை கிடைத்தது.

மறு வருடம், தேர்வாகியிருந்த 30 பேரில் 28 பேர் ‘கேவலியர்ஸ்’ என்ற பெயரில் தாங்களாகவே போனார்கள். டேவிட் கிர்க்கும் ஜான் கெர்வனும் மறுத்துவிட்டார்கள். முதலில் சொன்ன வேடிக்கை இதுதான்: அந்த நான்கு ஆட்டங்களையும் தென்னாப்பிரிக்கா டெஸ்ட் என்று பதிவு செய்து தன் ஆட்டக்காரர்களுக்குக் கேப் கொடுத்தது. நியூசிலாந்தோ அப்படி ஒரு ஆட்டமே நடக்கவில்லை என்கிறது. ஒரே பந்து, ஒரே 80 நிமிடம், ஒரு பக்கத்துக்கு மட்டும் டெஸ்ட்.

டூர் என்ற அமைப்பே இப்படி ஆட்டம் கண்டுகொண்டிருந்த நேரத்தில்தான், 1985 மார்ச்சில் பாரிஸில் உலகக் கோப்பைக்கு வாக்கெடுத்தார்கள். தனியார் முதலாளிகள் ஆட்டக்காரர்களை மொத்தமாக வாங்கிவிடுவார்களோ என்ற பயமும் பின்னால் இருந்தது. 1987-ல் முதல் கோப்பையை ஈடன் பார்க்கில், மாவுப் பொட்டலம் விழுந்த அதே புல்தரையில், கையில் ஏந்தியவர் டேவிட் கிர்க். 1995-ல் ஜொஹானஸ்பர்க்கில் மண்டேலா ஸ்பிரிங்பாக்ஸ் சட்டையோடு நின்ற கதை எல்லோருக்கும் தெரியும், இன்னொரு முறை சொல்லப்போவதில்லை. அதற்கு மறு வருடம் நடந்தது அவ்வளவாக வெளியே தெரியாது. 1996 ஆகஸ்ட் 24, பிரிட்டோரியாவில் 33-26 என்று வென்று, ஷான் ஃபிட்ஸ்பாட்ரிக்கின் ஆல் பிளாக்ஸ் தென்னாப்பிரிக்க மண்ணில் முதல் முறையாக டெஸ்ட் தொடரைக் கைப்பற்றினார்கள். 1928-ல் நேப்பியாவை விட்டுவிட்டுப் போனதிலிருந்து 68 வருடம்.

2010 மே மாதம் நியூசிலாந்து ரக்பி யூனியன், 1928, 1949, 1960 டூர்களில் விடப்பட்ட மாவோரி ஆட்டக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டது. தென்னாப்பிரிக்க யூனியனும் கேட்டது. நேப்பியா 1986-லேயே இறந்துவிட்டிருந்தார்.

இப்போது டூர்கள் சுருங்கிவிட்டன. 2025-ல் ஆஸ்திரேலியாவில் தொடரை 2-1 என்று வென்ற லயன்ஸ் அந்த மண்ணில் ஆடியது மொத்தம் 9 ஆட்டம். வார நடுவில் ஆடும் ஆட்டங்கள் மற்ற அணிகளுக்கு ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டன. ஆனாலும் 2026-க்கு ஆல் பிளாக்ஸும் ஸ்பிரிங்பாக்ஸும் பழைய பாணியில் ஒரு தொடரை அறிவித்தார்கள்: உள்ளூர் அணிகளோடு நான்கு ஆட்டம், கூடவே நான்கு டெஸ்ட். அதில் மூன்று தென்னாப்பிரிக்காவில். நான்காவது இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் சம்பந்தமில்லாத பால்டிமோரில், அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றின் மைதானத்தில். டிக்கெட் விற்கும் என்ற கணக்குத்தான். ஷ்ரூஸ்பரியும் ஷாவும் இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பார்கள்.